மேகத்துக்கு வகை உண்டா?

வகைகள் பொருளில் இருக்கின்றனவா, நம் மனத்திலா? ஒரு வகையின் பொருள்கள் எல்லாவற்றிலும் காணும் பொதுமை மெய்யென்றது வைசேடிகத் தத்துவம். கற்பனையென்றது பௌத்த தருக்கம். அந்த வழக்கு, கணினி வளங்களை இணையவழி வாடகைக்குத் தரும் மேகக் கணிமையிலும் எழுகிறது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2011-இல் மேகக் கணிமைச் சேவைகளை உள்கட்டமைப்பு, தளம், மென்பொருள் என்று மூன்றாகப் பிரித்தது. மூன்றுக்கும் அடியில் ஓடுவது அதே சர்வர்தான், மாறுவது பொறுப்பு. வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியில் இயங்குதளத்தின் ஓட்டையை அடைப்பது வாடிக்கையாளர் வேலை. ஜிமெயிலில் அது கூகுளின் வேலை.

சர்வரைப் பற்றிக் கவலைப்படாமல் நிரலை மட்டும் கொடுத்து இயக்கும் சேவையாக 2014-இல் வந்த அமேசான் லாம்டா, இந்த மூன்றில் எந்தக் கட்டத்திலும் ஒழுங்காக அடங்கவில்லையே, அப்படியானால் வகைப்பாடே பொய்தானே என்று கேட்கலாம். எல்லை மங்கியது உண்மை, கடமை மங்கவில்லை. லாம்டாவிலும் நிரலின் பிழைக்கு எழுதியவரே பொறுப்பு. ஆகவே இந்த வகைகளின் இருப்பிடம் மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை என்பேன். மேகச் சேவை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பொறுப்பைப் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.