சும்மா இருக்கும் தோட்டம்

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் பங்கு இல்லத்தின் பின்புறத்தை எட்டிப் பார்த்தார். "என்ன சாமி, தோட்டத்தைச் சும்மா போட்டு வச்சிருக்கீங்க? ஒரு ஆளை வச்சுப் பார்க்கக் கூடாதா?" என்றார். "அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் தோட்டம், அம்மா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆனால் அவர் சொன்ன 'சும்மா' என்ற சொல் என்னைவிட்டு அகலவில்லை.

இப்பங்கிற்கு வந்த புதிதில் நானும் ரோஜாப் பதியன்களை வாங்கி நட்டவன்தான். இரு வேளை நீர், மாதம் இருமுறை மருந்து என்று பேணினேன். அந்தக் கோடையில் தெருமக்கள் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தபோது, என் கையில் பூவாளி இருந்தது. வெட்கினேன். ரோஜாக்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இம்மண்ணுக்கும் மழைக்கும் பழகிய முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, நந்தியாவட்டை, பவழமல்லி ஆகியவற்றை மட்டும் வைத்தேன். உதிர்ந்த சருகை எரிக்காமல் செடியடியில் மூடாக்காகப் பரப்பினேன். வெயில் நேரே படாததால் மண்ணில் ஈரம் தங்கிற்று, களை குறைந்தது, சருகே மக்கி எருவாயிற்று.

அதன்பின் எனக்கிருந்த வேலை, நாற்காலியைப் போட்டு அமர்வதே. சித்திரையில் மதிலோர வேம்பு பூவைச் சொரியும். கறிவேப்பிலைத் துளிரைப் பச்சைப் புழுக்கள் தின்னும். பொறுத்துக்கொண்டால் அவை வண்ணத்துப்பூச்சிகளாகித் திரும்பி வரும். ஐப்பசி மழையில் எவரும் விதைக்காத தும்பையும் கீழாநெல்லியும் தலைகாட்டும். கட்டளை செபத்திற்காக விடியலில் வெளியே வந்தால், இரவில் மலர்ந்த பவழமல்லி தரையெங்கும் கிடக்கும்.

இந்த இன்பம் சோம்பலா? தலையான பாவங்கள் ஏழனுள் சோம்பலும் ஒன்று எனச் சிறுவயதிலேயே கற்றிருக்கிறோம். ஆனால் தூய தோமா அக்குவினார் சோம்பலை வெறும் வேலையின்மையாகக் கருதவில்லை. இறைவன் தரும் நன்மையைக் கண்டும் மகிழாத மனச்சோர்வே அது என்கிறார். அதனால் அது ஓய்வுநாளைத் தூயதாகக் கடைப்பிடிக்கும் கட்டளைக்கு எதிரானது என்றும் காட்டுகிறார். ஆகவே, ஓய்ந்து அமர்ந்து படைப்பில் மகிழ்பவன் சோம்பேறி அல்லன். ஓயாமல் உழைத்தும் எதிலும் மகிழாதவனிடம் சோம்பல் குடியிருக்கக்கூடும். இவ்வெண்ணம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதல் ஓர் இரவில் குலைந்தது. முருங்கை மென்மரம், காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்யாவிட்டால் கிளை நீண்டு, காற்றில் முறியும். பக்கத்து வீட்டுத் தாய் இருமுறை வந்து, "கிளை எங்க கூரைமேல சாஞ்சு நிக்குது சாமி" என்று சொல்லியிருந்தார். "பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்றிருந்தேன். ஐப்பசிக் காற்றில் கிளை ஒடிந்து அவர் வீட்டு ஓடுகளை நொறுக்கிற்று. எவருக்கும் காயமில்லை. ஆனால் அவரும் பிள்ளைகளும் இரவு முழுவதும் நனைந்தபடி விழித்திருந்தனர். மறுநாள் ஓடு மாற்றக் கொடுத்த பணத்தால் அந்த இரவை ஈடுசெய்ய இயலவில்லை. தோட்டம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்க வேண்டிய நான்தான் பார்க்கவில்லை.

இயற்கை வேளாண்மைக்குப் பெயர்பெற்ற ஜப்பானியர் மசானோபு ஃபுகுவோகாவும் (1913–2008) இத்தகைய பாடம் ஒன்றைப் பெற்றிருந்தார். தந்தையின் ஆரஞ்சுத் தோப்பை இளமையில் அவர் கவாத்து செய்யாமல் விட்டதால், கிளைகள் பின்னிக்கொண்டு, பூச்சி விழுந்து, மரங்கள் பட்டுப்போயின. மனிதக் கைக்குப் பழகிய மரத்திலிருந்து திடீரெனக் கையை எடுப்பது இயற்கைவழி ஆகாது, அது கைவிடுதலே என்பதை, 1975இல் வெளிவந்த 'ஒற்றை வைக்கோல் புரட்சி' என்ற நூலில் அவர் மறைக்காமல் கூறுகிறார்.

சும்மா இருத்தல் வேறு; சும்மா விட்டுவிடுதல் வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சும்மா இருப்பவர் அங்கேயே இருக்கிறார், பார்க்கிறார், தேவைப்படும்போது எழுகிறார். சும்மா விட்டவரோ அங்கு இல்லை. பிள்ளையை அதன் போக்கில் வளரவிடுவதாகச் சொல்லும்போதும், முதிய பெற்றோரைத் தொந்தரவு செய்ய வேண்டாமென ஒதுங்கும்போதும், ஒரு குடும்பச் சண்டையைக் காலம் ஆற்றும் எனப் பங்குத்தந்தையாகிய நான் தள்ளிவைக்கும்போதும், நாம் செய்வது இவ்விரண்டில் எது? 'இறைவன் பார்த்துக்கொள்வார்' என்பது நம்பிக்கையின் சொல்தான். ஆனால் எழுந்திருக்க மனமில்லாதவனும் அதையே சொல்கிறான்.

இப்போது ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன், அரிவாளுடன் முருங்கையடியில் நிற்கிறேன். ஒரு நாள் வேலைதான். மற்ற நாள்களில் நாற்காலி அங்கேயே கிடக்கிறது. வெட்டிய போத்துகளில் ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தாய் கேட்டு வாங்கித் தம் வேலியோரம் நட்டார். அது துளிர்த்துவிட்டது. நட்ட இடம், கூரைக்கு எட்டாத தூரம்.