பஞ்சாயத்து கூடாத இடம்

வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை ஓயாததற்கு ஆளாளுக்குச் சொல்லும் காரணம், முகம் பார்க்காததால் நாக்கு நீள்கிறது என்பதுதான். பழகிய முகங்களே நிறைந்த ஊர்க் குரூப்பிலும் பங்காளிக் குரூப்பிலும் ஆண்டுக்கணக்கில் புகைவதற்கு இது பதிலாகாது. காரைக்கால் கரையோரத்தில் வேறு காரணம் கிடைக்கிறது. மீனவ ஊரில் தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். இரு தரப்பும் நேரில் வந்து நிற்க வேண்டும். அபராதம் கட்டி, சபையில் விழுந்து கும்பிட்டால் விஷயம் முடிந்தது. விடிந்தால் அதே கரையில் படகைத் தள்ள வேண்டியவர்கள், முடிக்காமல் என்ன செய்வார்கள்? அதே மனிதர்கள் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் கதை வேறு. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாடு 2000இல் தடை போட்டது. காரைக்கால் புதுச்சேரியின் கையில். வடக்கே தரங்கம்பாடியும் தெற்கே நாகூரும் தமிழ்நாட்டில். இரண்டு அரசு, இரண்டு சட்டம், ஒரே கடல். பல ஊர்ப் பஞ்சாயத்தார் சேர்ந்து கூடுவதும் உண்டு. முடிவு பிடிக்காத ஊர் எழுந்து போய்விடலாம். வலைத் தகராறு இருபது ஆண்டு தாண்டியும் நிற்கிறது.

குரூப்பும் அந்தக் கடல்தான். ஆயிரம் பேர் வரை சேரலாம், தீர்ப்புச் சொல்லும் சபை மட்டும் கிடையாது. அடங்கிப்போன பேச்சை மூன்று மாதம் கழித்து ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டாகப் போடுவார். அன்று இல்லாத இருவர் அதைப் புதுச் சண்டையாகவே படிப்பார்கள். அட்மின் இருக்கிறாரே என்பார்கள். அவரால் பதிவை அழிக்கலாம், ஆளை நீக்கலாம். சமாதானம் பேசிவைக்கும் அதிகாரத்தை யாரும் அவருக்குத் தரவில்லை. நீக்கப்பட்டவர் இன்னொரு குரூப் தொடங்குவார், பாதிப் பேர் இரண்டிலும் இருப்பார்கள். சேதி கடத்துவது அவர்களுடைய வேலை (அதைச் சலிக்காமல் செய்வார்கள்).

ஊர்ப் பஞ்சாயத்தைப் புகழ்கிறேனா என்று கேட்கலாம். பெண்ணின் குரல் அங்கே அரிதாகவே எடுபட்டது. ஊர்விலக்கு என்ற கொடுமையும் அங்கிருந்துதான் வந்தது. அப்படி முடிந்த பல வழக்குகள் முடியாமலே இருந்திருக்கலாம். ஆனால் முடித்துவைப்பவர் நியாயமானவரா என்பது ஒரு கேள்வி, முடித்துவைக்க ஒருவர் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. சுருக்குமடி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஓர் இடைக்கால ஆணை தந்தது: கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் அந்த வலையை வீசலாம். சிறு படகுக்காரர் இதை ஏற்கவில்லை என்பது உண்மைதான். இருந்தும் அதன்பின் எந்த நாள், எவ்வளவு தூரம் என்றாவது வாதாட முடிகிறது. குரூப்பில் முதலில் வாய்விட்டது யார் என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதே இல்லை.