உருகுவதற்கு முன்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு வாரம் குடும்பத்தோடு கோடைக்கானலில் தங்கியிருந்தோம். நான், என் மனைவி, இரண்டு குழந்தைகள், என் தகப்பனார். வரும் வழியில் பழனியில் இறங்கி முருகனைத் தரிசித்துவிட்டு, ஊரில் நாலு பேருக்குக் கொடுப்பதற்காகப் பஞ்சாமிர்தமும் வாங்கிக்கொண்டோம்.

மலையேறிய மறுநாளே குழந்தைகள் ஐஸ்கிரீம் கேட்டார்கள். கடையில் வாங்கியது ஆகாது. இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வைத்து, அம்மா கையால் செய்த ஐஸ்கிரீம் சாண்ட்விச்தான் வேண்டுமாம். "ஏழாயிரம் அடி உயரத்தில், இந்தக் குளிரில் ஐஸ்கிரீமா?" என்று அப்பா சிரித்தார்.

நாங்கள் தங்கிய வீட்டு ஃபிரிட்ஜுக்குத் தண்ணீரை உறைய வைக்கிற அளவுக்குத்தான் சக்தி இருந்தது. இனிப்புச் சேர்ந்த பால் அதில் உறையாது. ஆனால் பழைய வழி ஒன்று உண்டு. ஐஸ்கட்டியோடு உப்பைக் கலந்தால் குளிர் இன்னும் கீழே இறங்கும். இந்த முறையில் கைப்பிடி சுற்றும் பாத்திரம் ஒன்றுக்கு, அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி 1843-ல் காப்புரிமை பெற்றார். இரண்டு வருஷம் கழித்து, 1845-ல், சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் கோடைக்கானலில் தங்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள்.

எங்களிடம் அந்தப் பாத்திரம் ஏது? தூக்குவாளிதான் இருந்தது. என் மனைவி பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஆறியபின் இரண்டு மலைவாழைப்பழத்தை மசித்துக் கலந்தாள். பெரிய வாளியில் ஐஸ்கட்டியையும் கல்லுப்பையும் நிரப்பி, நடுவே தூக்குவாளியைப் புதைத்து, அதன் பிடியைப் பற்றி இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தாள். ஓரத்தில் உறைந்ததை அவ்வப்போது சுரண்டி உள்ளே தள்ளினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

முதல் சாண்ட்விச் மாமனாருக்கு. அடுத்தவை குழந்தைகளுக்கு. பிறகு எனக்கு. மறுபடியும் குழந்தைகளுக்கு. கடைசியில் அவள் தனக்கென்று எடுத்தபோது பிஸ்கட் ஊறித் தட்டில் பால் ஓடிக்கொண்டிருந்தது. "பாயசமாப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே தட்டைச் சாய்த்துக் குடித்தாள்.

"அம்மா, நீ ஐஸ்கிரீமே சாப்பிடலையே?" என்றாள் மகள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சோறு காத்திருக்கும், குழம்பு காத்திருக்கும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேராத பழனிப் பஞ்சாமிர்தமோ நாட்கணக்கில் காத்திருக்கும். சமைத்தவள் கடைசியில் சாப்பிடுவதில் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று நாம் இத்தனை காலம் நம்பி வந்திருக்கிறோமே, அந்த நம்பிக்கைக்கு முட்டுக் கொடுத்தது உணவின் பொறுமைதான். ஐஸ்கிரீமுக்கு அந்தப் பொறுமை இல்லை.

"கொடுப்பதில்தான் அவளுக்குச் சந்தோஷம்" என்று நீங்கள் சொல்லலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் அவளுடைய சந்தோஷத்தைச் சாட்சிக்கு அழைத்து, வாங்கித் தின்றவன் விடுதலையாகிவிட முடியுமா? மறுக்கும் உரிமை உள்ளவர் மறுக்காமல் கொடுப்பதுதான் தியாகம். அந்த உரிமை உண்டா என்று யாரும் கேட்டே பார்க்காத இடத்தில் நடப்பதற்குப் பெயர் வழக்கம். வழக்கத்துக்குத் தியாகம் என்று பெயர் சூட்டிவிட்டால், பெற்றுக்கொள்பவனுக்கு எவ்வளவு சௌகரியம்!

இரண்டு நாள் கழித்து நானே வாளியைத் திருப்ப உட்கார்ந்தேன். கால்மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் தெரிந்தது. திருப்புகிறவனுக்கு நாக்கு ஊறுகிறது! மூடியைத் திறக்கும்போதெல்லாம் பழவாசனை முதலில் அவனைத்தான் வந்து தொடுகிறது.

முதல் சாண்ட்விச்சை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் தாயாரும் என் தாயாரும் கடைசிப் பந்தியிலேயே வாழ்ந்து முடித்தவர்கள். அவர் ஒரு கணம் பேசாமல் இருந்தார்.

"என்னை என்னம்மா பார்க்கறே? உருகுது, சாப்பிடு."

அவள் கடித்தாள். பல் கூசிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். குழந்தைகள் கைதட்டினார்கள். ஒரு பெரிய சீர்திருத்தத்தைச் செய்து முடித்தவனைப்போல் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அன்று இரவு இட்லி. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அவள் கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மலைக்குளிரில் இட்லி சில்லென்று ஆறிப் போயிருந்தது. ஆனால் அது உருகவில்லை. அதனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தவன் நான் ஒருவன்தான். நானும் அதற்குள் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தேன்.