எழுத்தும் அதன் கோலமும்

கைப்பேசியின் கீபோர்டு செயலி கையாளும் அலங்கார உரைச்சரத்துக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. கீழடுக்கில் எழுத்துகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஓர் எண்ணோடு நிற்கும். மேலடுக்கில் அந்த எண்களைச் சுட்டும் குறிப்புகள் இருக்கும்: இதிலிருந்து இதுவரை தடித்த எழுத்து, இங்கே அடிக்கோடு, இங்கே சிவப்பு. ஆண்ட்ராய்டு இக்குறிப்பை ஸ்பான் என்கிறது. ஐபோன் ஆட்ரிபியூட் என்கிறது. உரையை நகலெடுத்து வேறொரு செயலியில் ஒட்டினால் பல சமயம் கீழடுக்கு மட்டுமே போய்ச் சேரும். அப்படிச் சேர்ந்தது பழைய உரைதானா, வேறொன்றா? பொருளுக்கும் அதன் பண்புக்கும் என்ன உறவு என்று இந்தியத் தரிசனங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய கேள்விதான் இது.

நியாய வைசேடிகர் பொருளும் பண்பும் வேறு வேறு என்பர். சமவாயம் என்னும் பிணைப்பு அவற்றைச் சேர்த்து வைக்கிறது. புதிதாகத் தோன்றும் பொருள் முதல் கணத்தில் பண்பே இல்லாமல் இருந்து, அடுத்த கணத்தில்தான் பண்பை ஏற்கிறது என்றுகூட அவர்கள் கொண்டனர். பௌத்தர் இதற்கு நேர் எதிர். பண்புகளின் தொகுதிக்கு அப்பால் அவற்றைத் தாங்கும் பொருள் என்று தனியே ஒன்றில்லை என்பர். சமணம் இரண்டையும் மறுத்தது. குணமும் பரியாயமும் உடையதே திரவியம் என்று உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. குணம் பொருளை விட்டு நீங்காதது; பரியாயம் அந்தந்த நேரத்து நிலை, வரும், போகும். ஆனால் ஏதாவதொரு பரியாயம் இல்லாமல் பொருள் ஒரு கணமும் இருப்பதில்லை.

இந்த வாதம் தமிழிலும் நடந்தது. வைசேடிகர், பௌத்தர், சாங்கியர் எனப் பலரோடும் வாதிடும் சமண நூலான நீலகேசியை 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். விழுப்புரம் மாவட்டத்தில் இந்தச் சிந்தனை இன்றும் வாழும் சமயம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரில் இருக்கிறது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்குள்ள கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடத்தைக் குறிக்கிறது. தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த காலத்து வடிவங்கள் அந்தக் கல்வெட்டில் உள்ளவை. இன்று அதே பெயரைக் கைப்பேசியில் தட்டினால் ஒரு கோடுகூடக் கல்லில் உள்ளதைப் போல இராது. ஆனாலும் பெயர் அதுவே.

நோன்பிருந்து உடலை விட்டவரைப் பற்றியும் சமணம் இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. உடல் கழலும், அறிவு உயிரின் குணம், அது கழலாது. முத்தி பெற்ற உயிருக்கும் ஓர் அளவு உண்டு, அது கடைசி உடலின் அளவுக்குச் சற்றுக் குறைந்தது என்பது சமணர் கொள்கை. பரியாயமே இல்லாத வெறும் பொருள் என்பது விடுதலையிலும் இல்லை.

எழுத்தையும் சமணர் பொருளாகவே பார்த்தனர். ஒலி ஆகாயத்தின் பண்பு என்பது வைசேடிகர் கொள்கை. சமணருக்கு ஒலியும் புற்கலம், அதாவது அணுக்களால் ஆன பருப்பொருள். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். அணுத்திரளால் எழும் ஒலியே எழுத்து என்று அவர் வரையறுத்ததில் அவருடைய சமயம் தெளிவாகத் தெரிகிறது. வரிவடிவத்தை அவர் அதற்குப் பிறகுதான் பேசுகிறார்.

குணம், பரியாயம் என்ற பகுப்பை உரைச்சரத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். ‘விழுப்புரம்’ என்பதைப் படிப்பவர் எண்ணினால் ஆறு எழுத்து: வி, ழு, ப், பு, ர, ம். யூனிகோடு எண்ணினால் 11. வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ழகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என்று மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண் பெறுகின்றன. ‘திண்டிவனம்’ என்பதிலும் எழுத்து ஆறு, யூனிகோடு எண் 10. தடித்த எழுத்து முதல் எண்ணுக்கு அடுத்துத் தொடங்கட்டும் என்று நிரல் சொன்னால், அது வகரத்துக்கும் அதன் இகரத்துக்கும் நடுவே வெட்டும். தாங்க எழுத்தில்லாத குறி, புள்ளிவட்டத்தோடு திரையில் தனியே தொங்கக்கூடும். நியாயத்தைப் போலப் பண்பை வெளியிலிருந்து ஒட்டும் ஏற்பாடு கணினிக்கு வசதிதான். ஆனால் எது பண்பை ஏற்கத்தக்க முழுப்பொருள் என்று அந்த ஏற்பாட்டுக்குத் தானாகத் தெரியாது. புள்ளி குணம், தடிப்பு பரியாயம். புள்ளியை எடுத்தால் ‘ம்’ வேறெழுத்து ஆகிவிடும். தடிப்பை எடுத்தால் எழுத்து மாறாது.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் இந்தக் குணமே எழுதாமல் விடப்பட்டது. மெய்க்கும் எகர ஒகரத்துக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலை கிழியும் என்று எழுதுவோர் புள்ளியைத் தவிர்த்தனர். ‘கொள்’ என்பதும் ‘கோள்’ என்பதும் ஏட்டில் ஒன்றாகவே இருக்க, படிப்பவர் இடம் பார்த்துப் பிரித்தார். குறிலையும் நெடிலையும் வடிவிலேயே வேறுபடுத்திய சீர்திருத்தம் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பெயரால் வந்தது. எழுத்தில் தெரியாத குணமும் மொழியில் இருந்துகொண்டே இருந்ததற்கு அந்த நூற்றாண்டுகள் சான்று.

தட்டச்சின்போது இதன் மறுபக்கமும் தெரிகிறது. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் பெறும் கீபோர்டுகளில், முடிவாகாத சொல்லின் கீழ் ஓர் அடிக்கோடு ஓடும். ‘தி’ என்றிருந்தது ‘தின்’ ஆகி, ‘திண்டி’ ஆகும். எழுத்துகள் மாறுகின்றன, அடிக்கோடு மாறாமல் நிற்கிறது. இடைவெளி விசையை அழுத்தியதும் கோடு மறைகிறது, சொல் நிலைக்கிறது. தோன்றுதல், அழிதல், நிலைத்தல் மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்தே நிகழ்கின்றன என்ற சமணக் கருத்துக்கு இதைவிடச் சிறிய, இதைவிடத் தெளிவான சான்று எளிதில் கிடைக்காது.

ஆங்கிலத்தில் ‘ஃபேன்சி’ எழுத்து தரும் செயலிகள் வேறு வழியில் போகின்றன. கணிதக் குறியீட்டுக்காக 2001-இல் யூனிகோடு 3.1-இல் சேர்ந்த தடித்த, சாய்ந்த எழுத்துகளைச் சாதாரண எழுத்துக்குப் பதிலாக வைக்கின்றன. அங்கே மாறுவது கோலம் மட்டுமன்று, பொருளே மாறிவிடுகிறது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான்கள் அச்சொல்லைச் சொல்லாகப் படிக்கத் தடுமாறுகின்றன. தமிழுக்கு அத்தகைய மாற்றெழுத்து யூனிகோடில் இல்லாதது குறையன்று, நன்மை.

பரியாயம் போகட்டும், அதனால் இழப்பில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கல்யாண வேன் புறப்படும் இடம் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அனுப்புபவர் ‘விழுப்புரம்’ என்பதைக் குறுக்குக்கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் ‘திண்டிவனம்’ என்று எழுதுகிறார். அலங்காரத்தை ஏற்காத கட்டத்தில் இதை ஒட்டினால் இரண்டு ஊரும் அடுத்தடுத்து நிற்கும். படிப்பவர் விழுப்புரத்தில் காத்திருப்பார். அங்கே ‘இல்லை’ என்று சொன்னது அந்தக் கோடுதான். ஒரே கூறு ஒரு நோக்கில் நீங்கத்தக்கது, இன்னொரு நோக்கில் நீங்கக் கூடாதது என்பதைச் சமணர் நயம் என்னும் கொள்கையால் விளக்குவர். ‘வெற்று உரை’ என்பதும் அத்தகைய ஒரு நோக்கு மட்டுமே. அலங்காரம் கழன்ற சரமும் பெறும் செயலியின் எழுத்துருவிலும் அளவிலும் நிறத்திலும்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆண்ட்ராய்டில் கீபோர்டு அலங்காரத்தோடு சரத்தை ஒப்படைக்கலாம். வைத்துக்கொள்வதும் விடுவதும் பெறும் செயலியின் விருப்பம். ஐபோனில் 2014-இல் ஐஓஎஸ் 8 பிறர் செய்யும் கீபோர்டுகளுக்கு இடம் தந்தது. ஆனால் உரையைச் செருக அவற்றுக்குத் தந்த கட்டளை வெறும் சரத்தையே ஏற்கிறது. வாட்ஸ்அப்பில் தடிப்புக்கான உடுக்குறியும் குறுக்குக்கோட்டுக்கான அலைக்குறியும் உரைக்குள்ளேயே தட்டப்படுவதால், அவை எங்கே ஒட்டினாலும் குறியாகவாவது எஞ்சுகின்றன. தமிழுக்குக் கீபோர்டு செய்வோர் இரண்டை மட்டுமாவது செய்ய வேண்டும். அலங்காரத்தின் எல்லையை யூனிகோடு எண்ணால் அல்லாமல் முழு எழுத்தால் வகுக்க வேண்டும். குறுக்குக்கோட்டைப் பெறும் கட்டம் ஏற்காதபோது, அதை ஓசையின்றிக் கைவிடாமல் பயனருக்குத் தெரிவிக்க வேண்டும்.