கண்ணாடிக்கு நேராக நில்லுங்கள்

அய்யா துணை

அய்யாவின் அன்புக்கொடி மக்களே!

நம் பதியிலும் நிழல் தாங்கலிலும் பள்ளியறையில் சிலை இல்லை. கண்ணாடியும் அதன் முன்னே விளக்குகளும்தான் இருக்கின்றன. இறைவன் உனக்குள்ளே இருக்கிறான், அவனை அங்கே காண் என்பதே அதன் பொருள். இதை நம் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். அதே கண்ணாடியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதைக் கற்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நானும் என் சித்தப்பா மகனும் ஒரே கார்த்திகையில் திருஏடு வாசிக்கப் பழகத் தொடங்கினோம். என்னைவிட அவன் நான்கு வயது இளையவன். அடுத்த கார்த்திகைக்குள் அவன் இராகம் பிடித்துவிட்டான். அவன் வாசித்தால் தாய்மார் கண் கலங்குவார்கள். எனக்கோ சீர் பிரிக்கவே வராது. மூன்றாம் ஆண்டிலும் நாலு அடி வாசிப்பதற்குள் தடுக்கும். பணிவிடைக்கு வருவதைக் குறைத்தேன். வந்தாலும் ஓரமாக நின்று, அவன் எங்கே தடுமாறுவான் என்று காது கொடுத்துக் கேட்டேன். ஒரு நாள் அவன் ஓர் அடியைத் தவறவிட்டான். எனக்கு மகிழ்ச்சி வந்தது. அய்யாவின் திருநாமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு, அய்யாவின் ஏட்டில் பிழை வந்ததற்கு மகிழ்ந்தேன்!

பணிவிடை செய்யும் பாட்டா இதையெல்லாம் கவனித்திருக்கிறார். அன்றைக்குப் பணிவிடை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, “மக்கா, நீ நிக்கிற இடத்துல இருந்து கண்ணாடியைப் பாரு. யாரு தெரியுதா?” என்றார். பார்த்தேன். நான் ஒரு பக்கமாக நின்றதால் என் முகம் தெரியவில்லை. மறுபக்கம் நின்ற தம்பியின் முகம்தான் தெரிந்தது. “சாஞ்சு நின்னா அடுத்தவன் முகந்தான் தெரியும். நேரா வந்து நில்லு” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்புமக்களே, கலி என்பது வெளியே எங்கோ இருக்கும் அரக்கன் அல்ல. நம் மனத்துக்குள் புகுந்து கொள்ளும் மாயை அது. “அவன் அங்கே போய்விட்டான், நீ இங்கேயே நிற்கிறாயே” என்று அது மெல்லப் பேசும். முதலில் நம்மை நாமே வெறுக்கச் செய்யும். பிறகு அவன் விழ வேண்டும் என்று நினைக்கச் செய்யும். தன் வளர்ச்சியில் பொறுமை இழந்தவன் அடுத்தவன் வளர்ச்சியையும் பொறுக்க மாட்டான்.

அய்யாவின் தவத்தை எண்ணிப் பாருங்கள். 1833ஆம் ஆண்டு மாசி 20இல் திருச்செந்தூர்க் கடலில் இருந்து வைகுண்டராய் வந்த அய்யா, உடனே உயர்ந்த பீடத்தில் ஏறி அமரவில்லை. ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில். கடைசி இரண்டு ஆண்டுகள்தான் மேடான இருக்கையில். அவதாரமாய் வந்தவரே ஒவ்வொரு படிக்கும் அதற்குரிய காலத்தைக் கொடுத்தார். நாம் மட்டும் குழியிலிருந்து ஒரே தாவலில் மேடைக்கு வர ஆசைப்படலாமா?

நம் முன்னோர் ஏறிய பனையும் இதைச் சொல்கிறது. வாழை ஏறத்தாழ ஓராண்டில் குலை தள்ளும். பனை பாளை விட 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும். பனங்கொட்டையை ஊன்றினால் அது முதலில் மேலே வராது, மண்ணுக்குள் கீழே இறங்கும். வெளியே ஒன்றும் தெரியவில்லையே என்று தினம் தோண்டிப் பார்த்தால் கிழங்கும் இல்லை, மரமும் இல்லை. இதனால் வாழை தாழ்ந்தது, பனை உயர்ந்தது என்று ஆகிவிடாது. அதற்கு அதன் காலம், இதற்கு இதன் காலம்.

இன்னும் ஒன்று. திருவிதாங்கூர் அரசில் நம் முன்னோரை இவன் மேல், அவன் கீழ் என்று அளந்தார்கள். தலைப்பாகை கட்ட உரிமை இல்லை. தாய்மார் மேலாடை அணிய உரிமை இல்லை. அந்த அளவுகோலை முறித்துப் போட்டவர் அய்யா. எல்லாரும் தலைப்பாகை கட்டி அரசரைப் போல் உள்ளே வாருங்கள் என்றார். அவர் முறித்துப் போட்ட கோலை நாமே பொறுக்கி எடுத்து, அவன் பிள்ளை, அவன் வீடு, அவன் சம்பளம், அவன் குரல் என்று நம்மை நாமே அளக்கலாமா?

பொறுமை என்றால் சும்மா இருப்பது என்று எண்ண வேண்டாம். தவம் சோம்பல் அல்ல. அடுத்தவரைப் பார்க்கவே கூடாது என்பதும் இல்லை. பார்த்துப் படிப்பது வேறு, பார்த்துப் புழுங்குவது வேறு. அன்று முதல் நான் தம்பியின் பக்கத்தில் அமர்ந்து, அவன் எங்கே மூச்சு விடுகிறான், எங்கே நிறுத்துகிறான் என்று கேட்டேன். தினம் பத்து அடி வாசித்தேன். நேற்று தடுக்கிய இடத்தில் இன்று தடுக்குகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

என் குரல் இன்றும் இனிமையானது அல்ல. இப்போதும் தம்பிதான் நன்றாக வாசிப்பான். ஆனால் ஒரு கார்த்திகை இரவில், திருக்கல்யாண ஏடு வாசித்தபோது, அவன் குரல் கேட்டு என் கண்ணும் கலங்கியது. என் மனத்தில் அப்போது எந்தக் கணக்கும் இல்லை. நான் வளர்ந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை பணிவிடைக்குப் போகும்போது, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பாருங்கள். கண்ணாடிக்கு நேராக நில்லுங்கள். அங்கே தெரியும் முகம் நேற்றைவிட இன்று கொஞ்சம் தெளிந்திருந்தால் போதும். மற்றதை அய்யா பார்த்துக்கொள்வார்.

அய்யா உண்டு.