விலையும் நீதியும்

ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் இரு விலைகள் நிலைக்கலாகா என்பது வாணிகத்தின் பழைய விதி. அவ்விதி எங்கேனும் பிறழும்போது, மலிந்த இடத்தில் வாங்கி, உயர்ந்த இடத்தில் விற்று ஊதியம் காண்பார் உளர். இச்செயலைப் பொருளியலார் ஆர்பிட்ரேஜ் என்பர். உழாமலும் நெய்யாமலும் பெறும் இவ்வூதியம் அறவழிப்பட்டதா என்னும் வினா எழுவது இயல்பே.

பினாங்கு ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அமைந்த தெருவில், தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக நாணயமாற்றுக் கடைகளை நடத்தி வருகின்றனர். ஒரு கடையில் நூறு வெள்ளிக்கு வாங்கிய அயல்நாட்டுப் பணத்தை அடுத்த கடையில் நூற்றொரு வெள்ளிக்கு விற்க முடியுமாயின், அதைக் கண்டவன் சும்மா இரான். அவன் வாங்க வாங்க முதற்கடையில் விலை ஏறும். விற்க விற்க மற்றதில் இறங்கும். ஈற்றில் இரண்டும் ஒன்றாகும். அவன் நாடியது தன் நலமே. எனினும், அவனுக்குப் பின் வரும் பயணி எக்கடையில் நுழைந்தாலும் ஏமாறான் அன்றோ?

கோலாலம்பூரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பங்குக் குறியீட்டு உரிமை வாணிகத்திலும் நடப்பது இதுவே. குறியீட்டைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை, விற்கும் உரிமை, குறியீட்டின் அன்றைய நிலை, வட்டி, பங்காதாயம் ஆகியன ஒரே கணக்கில் பிணைந்தவை. ஒன்று பிறழ்ந்தால், கணக்கறிந்தோர் வாங்கியும் விற்றும் பிழையை நீக்குவர். வாணிகச் செலவினும் சிறிய பிழை மட்டுமே எஞ்சும். இத்திருத்தம் விரைந்து நிகழும் சந்தையே செவ்விய சந்தை எனப்படும்.

ஆயின், விலை சரியாகிவிட்டால் நீதியும் நிலைபெற்றதாகுமா?

பினாங்கு மக்கள் இவ்வினாவை 1967இல் நேரில் சந்தித்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம் பேங்க் நெகாரா புதிய வெள்ளியை வெளியிட்டது. பழைய தாள்களும் அதனோடு சரிமதிப்பில் புழங்கின. நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. பவுனைச் சார்ந்திருந்த பழைய வெள்ளி, புதிய வெள்ளியின் 85 காசுக்கு இறங்கியது. கணக்கில் பிழையில்லை. ஆனால், பழைய தாள்களைப் பெட்டியடியில் சேர்த்து வைத்திருந்த கூலித் தொழிலாளி செய்த பிழை யாது? நவம்பர் 24 அன்று பினாங்கில் நடந்த கடையடைப்புப் போராட்டம் கலவரமாக மாறி உயிர்களையும் பலிகொண்டது.

விலையைச் சரிசெய்வது அறிவின் வேலை. அத்திருத்தத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பது அறத்தின் வேலை. இரு கடைக்காரரும் விலையறிந்தே விற்கும்போது, இடையில் நிற்பவன் பெறும் ஊதியம் அவன் விழிப்புக்குக் கிடைத்த கூலியே. ஆனால், மதிப்பிறங்கிய செய்தியை முன்னறிந்த ஒருவன், அதனை அறியாத மூதாட்டியிடம் பழைய தாளைத் தள்ளிவிடுவானாயின், அதுவும் விலை வேறுபாட்டில் கண்ட ஊதியமே. எனினும் அதன் பெயர் வஞ்சகம்.

நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வள்ளுவர் வாணிகருக்கென ஒதுக்கினார். தராசின் முள் நேராக நின்றால் மட்டும் போதாது. தட்டில் இருப்பது யாருடைய வாழ்வு என்பதையும் தராசைப் பிடித்தவன் அறிதல் வேண்டும்.