எடை எதற்குச் சாட்சி?

உடல் பருத்த ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இதற்குப் பழைய வேர் உண்டு. கிறிஸ்தவத் துறவி எவாக்ரியஸ் 4-ஆம் நூற்றாண்டில் வகுத்த எட்டுத் தீய எண்ணங்களில் முதலாவது பெருந்தீனி. நம் விரத மரபுகளுக்கும் நாக்கை அடக்குவதுதான் மனத்தை அடக்கும் முதல் படி. ஆனால் இந்த மரபுகள் எடைபோட்டது உண்ணும் செயலை. நாம் உடலைப் பார்த்துச் செயலை ஊகிக்கிறோம், செயலிலிருந்து குணத்தை ஊகிக்கிறோம். அந்த இரண்டு தாவல்களுமே செல்லாது என்பது என் வாதம்.

முதல் தாவலுக்கு, தராசு சொல்வதைப் பார்ப்போம். 1942-இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் சக ஆய்வாளரும் அந்நாட்டுத் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 25 பேரின் உடலடர்த்தியை நீருக்கடியில் எடைபோட்டுக் கணித்தார்கள். உயர-எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் ராணுவத்துக்கு லாயக்கில்லாத பருமன் உள்ளவர்கள். அடர்த்தியோ அது தசை என்றது. இதன் மறுபக்கத்தை 2004-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட ஒரு படத்தில் காணலாம். புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின், இருவருக்குமே உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 22.3. கொழுப்பைத் தனியே பிரித்தளக்கும் டெக்ஸா ஸ்கேனில் யுட்கினின் உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கினுடையது 21.2. ஜிம்களில் கொழுப்பை அளக்க நாம் ஏறி நிற்கும் கருவியோ கொழுப்பை நேராகப் பார்ப்பதே இல்லை. மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி உடலின் நீரளவைக் கணித்து, அதிலிருந்து கொழுப்பைக் கணிக்கிறது. நீர்ச்சத்து ஏறி இறங்கினால் அதன் விடையும் மாறும். டயட்டின் முதல் வாரத்தில் இறங்கும் எடையிலும் உடல் சேமித்துவைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜனும் அதோடு சேர்ந்த நீரும்தான் பெரும்பங்கு. அதைக் கண்டு தன்னை மெச்சிக்கொள்பவரும், மூன்றாம் வாரம் முள் நகராததைக் கண்டு தன்னைச் சபித்துக்கொள்பவரும் தண்ணீரின் போக்குவரத்துக்கு ஒழுக்கச் சாயம் பூசுகிறார்கள்.

இரண்டாவது தாவல்தான் எனக்கு முக்கியம். 1944-இன் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் தொடங்கிய பட்டினி ஆய்வில் இருந்தவர்கள் 36 பேர். மனசாட்சிக்காகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள். பலர் குவேக்கர், பிரெதரன், மென்னோனைட் சபையினர். போர்க்காலத்தில் அப்படி மறுக்க எவ்வளவு உறுதி வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி என்று நாளுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி. வாரம் 35 கிலோமீட்டர் நடை. இப்படி 24 வாரம். உடல் எடையில் கால்பங்கு போனது. சாப்பிட்டு முடித்துத் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், சிலர் ஒளித்துத் தின்றார்கள். துணையில்லாமல் வெளியே போகக் கூடாது என்று விதி போட வேண்டியதாயிற்று. அவ்வளவு உறுதியானவர்களையே பசி இப்படி ஆட்டியது என்றால், உண்ணும் செயல் குணத்துக்குச் சாட்சி ஆகாது. முதல் தாவலுக்கும் இங்கே மறுப்பு உண்டு. ஓய்வில் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல் சுமார் 40 சதவீதம் சரிந்தது. இழந்த எடையைக் கழித்த பிறகும் கணக்கில் ஒரு துண்டு விழுந்தது. உயிர் பிழைக்க உடல் தானாகவே சிக்கனத்துக்கு இறங்கிவிட்டது. 2016-இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு, எடை குறைப்புப் போட்டி நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் படுக்கவைத்து, உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்தது. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தும், அவர்கள் பருமனுக்கு எதிர்பார்த்ததைவிட அன்றாடம் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தார்கள். ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் வயிற்றுத் தீயின் அளவறிந்து உண்ணச் சொல்கிறார். அந்தத் தீயே அளவு மாறக்கூடியது என்பதை இந்த ஆய்வுகள் சேர்க்கின்றன.

உள்ளே போவது குறைந்தால் எடை குறைந்தே தீரும், இயற்பியலை ஏமாற்ற முடியாது என்பார்கள். சரிதான், மின்னசோட்டாவில் எல்லோரும் இளைத்தார்கள். ஆனால் வரவைக் குறைக்கும்போது செலவும் சேர்ந்து குறைகிறது, அதுவும் ஆளுக்கு ஓர் அளவில். எடை நிலைபெற்ற பின் அளந்த சில ஆய்வுகளில் இந்தச் சரிவு சிறியது, ஆகவே ‘என் மெட்டபாலிசமே செத்துப்போச்சு’ என்ற புலம்பலுக்கு அவை இடம் தரவில்லை. என் வாதத்துக்குப் பெரிய சரிவு வேண்டியதும் இல்லை. ஒரே தட்டுச் சோறு இரண்டு உடல்களில் ஒரே கணக்கில் முடியாது என்பதே போதும்.

அப்படியானால் யாருக்கும் பொறுப்பே இல்லையா? கடினமான கேள்வி இதுதான். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்று கீதை பிரிக்கிற இடம் இங்கே உதவும். இன்று தட்டில் என்ன போட்டுக்கொள்வது, தசை கரையாமலிருக்கப் போதிய புரதமும் பளு தூக்கும் பயிற்சியும் உண்டா என்பவை ஒருவரிடம் கேட்கத்தக்க கேள்விகள். தராசின் எண்ணுக்கு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. இதை ஏற்றுக்கொள்கிறவர்கள்கூட மறுபாதியில் தயங்குவார்கள்: என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாத ஒல்லிக்காரர் இத்தனை நாள் வாங்கிவந்த ‘கட்டுப்பாடானவர்’ என்ற நற்சான்றையும் இதே கணக்கில் திருப்பித் தர வேண்டியிருக்கும்.